வாசலில் என்ன நிறம்

ஜமுனாமரத்தூர்,
22.6.2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் தமிழரசி எழுதுகிறேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் ஹாஸ்டலில் அதே ஜன்னலோர இடத்தைப் பிடித்துவிட்டேன். மழை தூறிக்கொண்டே இருக்கிறது. துவைத்த துணி காயவே மாட்டேன் என்கிறது. ஈரப் பாவாடையைக் கட்டிக்கொண்டு பிரார்த்தனைக்கு நிற்கிறோம்.

அப்பா போன வாரம் வந்து ஒரு பலாப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். சாமை விதைத்தாயிற்றாம். மங்கம்மாள் அத்தை நம் வீட்டிலேயே இருந்து அப்பாவுக்குச் சமைக்கிறாள். ஹாஸ்டலில் போன் கிடையாது. வீட்டுக்குப் போனாலும் அப்பாவின் போனுக்கு நீ கூப்பிடுவதில்லை. ஆகவே நமக்குக் கடிதம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கடிதமே எனக்குப் பிடித்தும் இருக்கிறது. திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

போன கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "இங்கே அபார்ட்மென்ட் கேட்டில் மகரந்தப் பலகை மாட்டுகிற வேலையும் இப்போது என் தலையில்." அம்மா, இப்படிப்பட்ட விஷயத்தை யாராவது ஒரே வரியில் எழுதுவார்களா? எங்களுக்கு இந்த வாரம்தான் ஜீவானந்தம் சார் மகரந்தத்தூள் படம் போட்டுக் காட்டினார். காற்றில் பறக்கும் தூளைப் பெங்களூரில் எப்படிப் பிடிக்கிறார்கள்? யார் எண்ணுகிறார்கள்? நாளைக்கு எவ்வளவு வரும் என்று இன்றைக்கே சொல்ல முடியுமா? எல்லாவற்றையும் எழுது.

அதோடு, நீ எப்போது வருவாய் என்பதையும் எழுது.

உன் மகள்,
தீ. தமிழரசி


பெங்களூரு,
11.7.2025

கண்ணு தமிழுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பு பரவாயில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பிட்டதும் கண் சொக்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

மூன்றாவது மாடியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடியில் ஒரு கம்பி நட்டு, அதில் சின்னக் கண்ணாடித் துண்டு செருகி வைத்திருக்கிறார். கண்ணாடியில் வாஸ்லின் தடவியிருக்கும். காற்றில் வருகிற தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். காலையில் நான் ஏறிப்போய் அதை எடுத்து வந்து கொடுப்பேன். அவர் பெரிதாகக் காட்டுகிற கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, மழை, காற்று எல்லாம் கணக்குப் பார்த்து நிறம் சொல்வார். கேட்டில் பலகை இருக்கிறது. அதில் இரண்டு கொக்கி. ஒன்று இன்றைக்கு, ஒன்று நாளைக்கு. தூள் குறைவென்றால் பச்சைத் தகடு, நடுவாந்தரம் என்றால் மஞ்சள், அதிகம் என்றால் சிவப்பு. சிவப்பு மாட்டினால் எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்துவார்கள். பிள்ளைகளைக் கீழே விளையாட விடமாட்டார்கள்.

முதல் வாரம் நான் செய்த கூத்தைக் கேள். பிசுக்கும் அழுக்குமாக இருக்கிற கண்ணாடியை ஒரு பெரிய மனுஷி கையில் அப்படியே கொடுப்பதா என்று, சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துப் பளபளவென்று கொடுத்தேன். அந்த வாரம் முழுக்கப் பச்சைதான். அபார்ட்மென்டே தும்முகிறது, பலகையில் பச்சை. கடைசியில் டாக்டரம்மா, "சின்னக்குழந்தை, இதை என்ன பண்ணி எடுத்துட்டு வர்றீங்க?" என்றார். "நல்லா கழுவிட்டுத்தாங்க கொண்டாறேன்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் அவருக்கே இருமல் வந்துவிட்டது.

ஈரத்துணியைக் கட்டாதே. சளி பிடிக்கும். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் அம்மா,
சின்னக்குழந்தை


ஜமுனாமரத்தூர்,
3.8.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சோப்பு போட்ட இடத்தில் வார்டன் அக்காகூடச் சிரித்துவிட்டார்.

நானும் ஒரு கண்ணாடி வைத்துவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் ஓரம் உடைந்த துண்டு ஒன்றைச் சார் கொடுத்தார். வாஸ்லின் இல்லை என்று விளக்கெண்ணெய் தடவி, ஹாஸ்டல் பின்பக்கச் சுவரின்மேல் வைத்தேன். மறுநாள் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஓடினேன். சார் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத எங்க வெச்ச?" "பின்பக்கச் சுவத்துல சார்." "அதாங்கேட்டேன். இது கேழ்வரகு மாவு. சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா வெச்சிருக்கே. காத்துல களி எவ்ளோ கீதுன்னு கண்டுபிடிச்ச மொத ஆளு நீதாம்மா!" வகுப்பில் இப்போது என்னைக் களி விஞ்ஞானி என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும்.

கண்ணாடியைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் மாற்றினேன். தினமும் பார்க்கிறேன். அம்மா, இங்கே காற்றில் அநேகமாக ஒன்றுமே இல்லை. புல் மகரந்தம் கொஞ்சம், காளான் தூள் கொஞ்சம். உன் பலகையாக இருந்தால் பச்சைத் தகடுதான். மழை நிற்கும்வரை இப்படித்தான் இருக்கும் என்று சாரும் சொன்னார். அதனால் இது என் முதல் முன்னறிவிப்பு: ஆகஸ்டில் ஜவ்வாது மலை முழுக்கப் பச்சை. நீ தாராளமாக வரலாம்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். உன் கடிதத்தில் தொடக்கத்தில் எழுத்து நேராக இருக்கிறது. போகப்போக ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் பேனாவை எடுத்து எடுத்து வைத்திருக்கிறாய். தூக்கக் கலக்கத்தில் எழுதினால் எழுத்து சரியும். இது சரியவில்லை, விட்டு விட்டு வருகிறது. அங்கேயும் உனக்கு மூச்சு இழுப்பு வருகிறதா?

உன் மகள்,
தமிழரசி


பெங்களூரு,
31.8.2025

கண்ணு தமிழ்,

நீ கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிறாய். இனிமேல் உனக்கு எழுதப் பயமாக இருக்கிறது.

ஆமாம், வருகிறது. சுற்றுச்சுவருக்கு வெளியே காலிமனை. மழைக்கு அங்கே பார்த்தீனியம் இடுப்பு உயரம் வளர்ந்து, வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி பூத்துக் கிடக்கிறது. இந்த மாதம் பாதி நாள் சிவப்புத்தான். உறிஞ்சுகிற மருந்தை டாக்டரம்மா வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். ராத்திரிப் படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ பாய் விரித்துச் சுருட்டுவது மாதிரி இருக்கிறது. காலையில் எழுந்ததும் பழையபடி படி ஏறவேண்டும்.

ஆனால் ஒன்று. சிவப்பு மாட்டிய அன்று நான் வழக்கம்போல் வெளியே பெருக்கப் போனேன். எங்கள் சூப்பர்வைசர் பஞ்சாட்சரம், செங்கத்துக்காரர், வாய் கொஞ்சம் அதிகம், வழியில் மறித்துக்கொண்டார். "இன்னாம்மா, நீயே சிவப்ப மாட்டிட்டு நீயே தொடப்பத்தத் தூக்கினு போற? அறிவு கீதா இல்லையா? உள்ள போய் படிக்கட்டத் தொட, போ." நான் எனக்கு முடியவில்லை என்று சொல்லவே இல்லை. பலகையைப் பார்த்துவிட்டு அவராகச் சொன்னார். அதிலிருந்து சிவப்பு நாளில் எனக்கு உள்வேலை.

மலைக்கு வருவதைப் பற்றி எழுதியிருந்தாய். அதை மட்டும் கேட்காதே கண்ணு. பரீட்சைக்குப் படி.

உன் அம்மா


ஜமுனாமரத்தூர்,
21.9.2025

அம்மாவுக்கு,

காலாண்டுத் தேர்வு நடக்கிறது. நாளைக்குக் கணக்கு. ஆனாலும் இதை எழுதாமல் படிப்பு ஏறவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். உனக்கு மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை, போளூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் மலையில் இருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால்தான் நீ பெங்களூர் போனாய். இதுதான் அப்பா எனக்குச் சொன்னது. நான் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அங்கே பாதி நாள் சிவப்பு. இங்கே பச்சை. மூச்சுக்காகத்தான் போனாய் என்றால், மூச்சுக்காகவே திரும்பி வந்திருக்க வேண்டும். இது கணக்காக வரவில்லை அம்மா.

போன ஞாயிறு வீட்டுக்குப் போனபோது அத்தையிடம் கேட்டேன். அத்தை சொன்னாள்: "உங்கம்மாளுக்குச் சாமை தூத்த ஒடம்பு வளையல. அதுக்கு இழுப்புன்னு ஒரு பேரு வெச்சிக்கினா. பட்டணத்துல மாடிமாடியா ஏறி எறங்கறாளாமே, அங்க மட்டும் எங்கிருந்து மூச்சு வருது?" அப்பா அங்கேதான் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் எனக்குத்தான் எதுவும் தெரியாதே.

நான் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். நீ ஈரத்துணியைக் கட்டாதே என்கிறாய், பரீட்சைக்குப் படி என்கிறாய். எனக்கும் அலுப்பாக இருக்கிறது.

தமிழரசி


பெங்களூரு,
5.10.2025

என் தமிழுக்கு,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். நீ கேட்டது சரிதான். கணக்கு வராது. ஒரு எண்ணை உன்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

போளூர் டாக்டர் மலையில் இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. சாமை மிதித்துத் தூற்றுகிற வாரங்களில் களத்துப் பக்கம் போகாதே, அவ்வளவுதான் சொன்னார். நம் களம் எங்கே இருக்கிறது? வீட்டு வாசலில். மாடு கட்டி மிதிக்க ஆரம்பித்தால் உமித்தூசு சோற்றில், தண்ணீரில், பாயில் எல்லாம் இருக்கும். நான் போகாமல் இருந்தாலும் களம் என்னிடம் வந்துவிடும்.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து எனக்கு அந்த வாரங்களில் இழுக்கும். உனக்குத் தெரியும், நம் பக்கத்தில் வீட்டுக்காரிதான் முதல் முறம் தூற்ற வேண்டும். அவள் தூற்றாமல் வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஒரு வருஷம் ரொம்ப முடியவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன். "இந்த வாட்டி களத்த மேல பாறைக்குக் கொண்டுபோய்டலாங்க. வாசல்ல வேணாம், என்னால முடியல." அவர் சொன்னார்: "அம்மாந் தூரம் மேட்டுல கட்டு தூக்க எவனால ஆவும்? ரெண்டு முறம் தூத்திட்டுப் போய்ப் படு." உன் அத்தை, "ஊருல எல்லாப் பொம்பளையுந்தான் தூத்துறா, உனக்கு மட்டும் இன்னா தனி மூக்கா?" என்றாள். களத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் முறத்தை எடுத்தேன். எத்தனை முறம் என்று தெரியாது. விழித்துப் பார்த்தபோது போளூரில் படுத்திருந்தேன்.

அங்கே பக்கத்துக் கட்டிலில் இருந்தவளின் தங்கை பெங்களூரில் வேலைக்கு ஆள் வேண்டும் என்றாள். வீட்டுக்கு வராமல் அங்கிருந்தே போய்விட்டேன். உன்னைப் பார்க்காமல் போனேன். அது ஒன்றுதான் இன்னும் அறுக்கிறது.

கோபத்தில் போனேன் என்று நினைக்காதே. அலுத்துப் போனேன். மூச்சு முட்டுவதைவிட, மூச்சு முட்டுகிறது என்று நிரூபிக்க வேண்டியிருந்ததே, அதுதான் அலுப்பு. இங்கேயும் இழுக்கிறதுதான். ஆனால் இங்கே ஒரு தகரத் துண்டு சிவப்பாகத் தொங்கினால், நான் வாயைத் திறக்காமலே எல்லோரும் நம்புகிறார்கள். அங்கே நான் நீலம் பாரித்து நின்றேன். யாரும் நம்பவில்லை.

உன் அப்பா கெட்டவர் இல்லை. இதைப் படித்துவிட்டு அவரிடம் சண்டைக்குப் போகாதே.

உன் அம்மா


ஜமுனாமரத்தூர்,
9.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதம் தாமதமாகிவிட்டது. தீபாவளி விடுமுறைக்கு வீட்டில் இருந்தேன். பிறகு மழையென்று பள்ளிக்கூடம் விட்டார்கள். மறுபடி வீடு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பாவிடம் சண்டை போடவில்லை. எண்ணெய் டின்னை வெட்டி மூன்று தகடு செய்தேன். சுவருக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை, பொங்கலுக்கு மாட்டுக்கொம்புக்குப் பூசிய சிவப்பு, மஞ்சளுக்கு மட்டும் பெயின்ட் இல்லாமல் மஞ்சள்தூளையே எண்ணெயில் குழைத்துப் பூசினேன். ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, களத்தை ஒட்டியிருக்கும் பலாமரத்தில் கட்டினேன். இன்று, நாளை. கண்ணாடிக்கு இந்தத் தடவை அசல் வாஸ்லின். மைக்ராஸ்கோப்பு இல்லை, சார் கொடுத்த பூதக்கண்ணாடிதான்.

அறுப்பு நடந்தபோது மஞ்சள். மழை விட்டு வெயில் அடித்து, நம் களத்தில் மாடு மிதிக்க ஆரம்பித்த அன்று கண்ணாடியைப் பார்க்கப் பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை. சாம்பல் பூசிய மாதிரி இருந்தது. மகரந்தம் இல்லை அம்மா, முழுக்க உமித்தூசு, நுனியில் முள்முள்ளாக. சிவப்பை மாட்டினேன். நாளைக்கும் மிதிப்பார்கள் என்று தெரியும், ஆனால் என்னிடம் ஒரு சிவப்புத்தான் இருந்தது. அதனால் நாளை ஆணியில் என் சிவப்பு ரிப்பனைக் கட்டினேன்.

ஊரே வந்து பார்த்தது. மங்கம்மாள் அத்தை, "இன்னாடி இது, ரயிலா வருது நம்ம வூட்டுக்கு?" என்றாள். ராஜாக்கண்ணு மாமா, "சாமைக்கு ஜோசியம் பாக்குது பொண்ணு, எனக்கும் ஒண்ணு பாரேன், கல்யாண யோகம் கீதான்னு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் பலகையை அவிழ்க்கவில்லை. கண்ணாடியை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவின் முன்னால் நீட்டினேன். "இது ஒரு ராத்திரியில ஒட்டினதுப்பா. அம்மா நெஞ்சுல வருசா வருசம் ஒட்டியிருக்கும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சண்டை இல்லை.

அவர் கண்ணாடியை வாங்கி விரலால் இழுத்துப் பார்த்தார். விரலைக் கோவணத்தில், மன்னித்துக்கொள், வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது களத்தில் மாடு இல்லை. மிச்சமிருந்த கட்டு ஒன்றும் இல்லை. அப்பா தலையில் கட்டோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். பாறைக்கு. அத்தை கீழே நின்று கத்தினாள்: "தீர்த்தகிரி, உனக்கு இன்னா கிறுக்கு புடிச்சிக்கிச்சா? வாசல்ல களம் இருக்கச்சொல்ல, பாறைக்கு இன்னாத்துக்குத் தூக்குற?" அப்பா திரும்பிப் பார்க்காமல், "அங்கதான் காத்து நல்லா அடிக்குது" என்றார். அவருடைய கழுத்து அன்று முழுக்க ஒரு பக்கமாகவே இருந்தது. முதல் முறத்தை அத்தை பாறையில் தூற்றினாள். நம் வீட்டில் வேறு ஆள் இல்லையே.

சாயங்காலம் கால் கழுவிக்கொண்டே அப்பா கேட்டார், "இப்ப வாசல்ல இன்னா கலரு?" நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மஞ்சள் என்றேன். "ம்" என்றார். அதற்கடுத்த நாளும் கேட்டார். பச்சை என்றேன். அதற்கும் "ம்" தான்.

இந்தக் கடிதத்தில் உன்னை வா என்று எழுதவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது, உனக்கும் அலுத்திருக்கும். வீட்டிலிருந்து கிளம்பிய அன்று பார்த்த அளவை மட்டும் சொல்கிறேன். வாசலில் பச்சை. நாளைக்கும் பச்சை.

உன் மகள்,
தமிழரசி


பெங்களூரு,
30.11.2025

கண்ணு தமிழுக்கு,

கடிதம் கிடைத்தது. கோவணம் என்று எழுதிவிட்டு வேட்டி என்று திருத்தினாயே, அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுகை வந்தது.

அந்த மேட்டில் வெறுங்கையோடு ஏறினாலே உன் அப்பாவுக்கு முட்டி வலிக்கும். காற்றுக்காகப் போகிறவர் இல்லை அவர். கழுத்துக்குச் சூடாக ஒத்தடம் கொடுக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். சரி, சொன்னாலும் பரவாயில்லை.

உன் கடிதத்தை டாக்டரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாளை ஆணியில் ரிப்பன் கட்டியதைக் கேட்டுவிட்டு, இரண்டாவது சிவப்புத் தகடு ஒன்று தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். ரிப்பனே இருக்கட்டும்.

இங்கே குளிர் வந்துவிட்டது. பனிமூட்டத்தில் படியேற முடியவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போகிறேன். உடம்பு ரொம்ப அலுத்துவிட்டது, தமிழ். அங்கே வந்தால் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஒரு வருஷம் கட்டு தூக்கியவர் அடுத்த வருஷமும் தூக்குவாரா என்று உன் கண்ணாடி சொல்லாது. அதனால் வருகிறேன் என்று எழுதவில்லை. எழுதியதாக நீயும் படிக்காதே.

நீ நான் கேட்காமலே மலைக்காற்றை எழுதிக்கொண்டிருந்தாய். ஒரு தடவைகூட நான் திருப்பிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அரையாண்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் போவாய் அல்லவா? வாசலில் கண்ணாடி வைத்துப் பார். களம் கூட்டி மெழுகிய பிறகு, பழைய தூசு எல்லாம் போன பிறகு பார்.

தை பிறந்தால் நம் வாசலில் என்ன நிறம்?

உன் அம்மா,
சின்னக்குழந்தை